தின்னர் பட்ட இடது கதவு

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் திடீரென்று ஆரஞ்சுப் பழ வாசம் அடித்தது. நான் அங்கே காவலாளி. பாளையங்கோட்டையில் இப்போது எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிதான். ஒவ்வொன்றின் வாசலிலும் என்னைப் போல ஊர் சுற்றி ஓய்ந்த ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். யார் பழம் உரிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி வங்கிக்காரர் தாம் புதிதாக வாங்கிய பழைய காரின் கதவில் ஒரு டப்பாவிலிருந்து எதையோ பீய்ச்சிக்கொண்டிருந்தார். முன்னால் வைத்திருந்தவர் ஒட்டிய பெயரை உரித்துவிட்டாராம், பசை போகவில்லையாம். பீய்ச்சினார், துணியால் வழித்தார், போயே போய்விட்டது.

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி" என்று டப்பாவைக் காட்டினார்.

எனக்கு அந்த ஆரஞ்சுக்கு உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் வாசம் வந்தது. இதே வேலையை ஒரு வண்டிக்கு அரை நாள் செய்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். இரண்டு தரப்பிலும் வருத்தமில்லை. தூத்துக்குடியில் உப்பளம், புன்னக்காயலில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, கூடங்குளத்தில் கம்பி கட்டுவது என்று எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. அதிகமாக நிலைத்தது வண்ணார்பேட்டையில் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடையில்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மேலப்பாளையத்து மீரானுக்கும் அதே வயது. அவன் பிளேடால் எழுத்து வெட்டுகிறவன். கணினியில் வெட்டும் இயந்திரம் வராத காலம். 'ழ'வின் வாலை அவன் வளைக்கிற நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவனும் மூச்சை அடக்க வேண்டும். எனக்கு எழுத்து ஓடாது. எனவே உரிக்கும் வேலை.

"நான் கட்டுத வீட்டையெல்லாம் இடிச்சே நீ பொழைக்கிற லே" என்பான் மீரான்.

உரிப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். வண்டியை அரைமணி நேரம் வெயிலில் போட வேண்டும். ஸ்டிக்கர் இளகியதும் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, கதவோடு கதவாகப் படிய இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் அறுந்துபோகும். தாள் வந்த பிறகும் பசை தங்கிவிடும். அதில் ரோட்டுப் புழுதி ஒட்டிக் கறுப்பாகி, ஒட்டியிருந்தபோது இருந்ததைவிடத் தெளிவாகப் பெயரைக் காட்டும். அதன்மேல் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் பைய வழிக்க வேண்டும். பெயிண்டையே கரைக்கும் தின்னர் கடைசி ஆயுதம். அதற்கு ஒரு சட்டம் உண்டு: கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் தொடக்கூடாது. கம்பெனி பெயிண்ட் தாங்கும்; பட்டறையில் அடித்த பெயிண்ட் தாங்காது.

பெயரை ஒட்ட வருகிறவர்கள் குழந்தையின் பிறந்தநாள் வரைக்கும் சொல்வார்கள். எடுக்க வருகிறவர்கள் காரணம் சொல்வதில்லை. ஸ்டிக்கர் வெளுத்துவிட்டது என்பார்கள்.

வல்லநாட்டுப் பக்கத்து வாழைத்தார் அண்ணாச்சி அதுகூடச் சொல்லவில்லை. ஒரு காலை நீல லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ரெண்டு பக்கமும் எடுத்துரணும்" என்றார். இரண்டு கதவிலும் மஞ்சள் எழுத்தில் 'காந்திமதி' என்று இருந்தது. மீரான் கடையில் சேர்ந்த புதிதில் வெட்டியது. ஒட்டிய அன்று மகளையும் கூட்டிவந்திருந்தாராம். மஞ்சள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது அவள்தானாம்.

அண்ணாச்சியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கும் ஈரத்தலை. நான் என் துண்டை நீட்டி, "கோயிலுக்குப் போயிட்டு வாரீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆத்துக்கு" என்றார்.

மீரான் என்னைப் பின்பக்கம் இழுத்துப்போனான். "தலைமுழுகிட்டு வந்திருக்காவ லே. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி."

உயிரோடிருக்கும் பிள்ளையை இனி இல்லை என்று முடிவுகட்டினால், சாவுக்கு முழுகுவதுபோல ஆற்றில் முழுகிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காந்திமதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பெற்றவர்கள் முறப்பநாட்டுப் படித்துறையில் முழுகிவிட்டு, துவட்டாமல் நேரே எங்களிடம் வந்திருந்தார்கள். ஆறு எடுத்தது போக மிச்சத்தை நாங்கள் எடுக்க வேண்டும்.

எடுத்தோம். தாள் வந்தது, பசை வந்தது. ஆனால் நிழல் நின்றது. ஸ்டிக்கருக்குக் கீழே வெயில் படாத இடம் வாங்கின அன்றைய நீலத்திலேயே இருந்தது, சுற்றிலும் வெளுத்திருந்தது. வெளுத்த கதவில் 'காந்திமதி' இன்னும் அழகாக, நீலமாகத் தெரிந்தது.

"தடம் தெரியப்படாது" என்றார் அண்ணாச்சி.

இதற்கு நான் சொந்தமாக ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தேன். தின்னரை லேசாகக் காட்டினால் புது நீலம் செத்து, சுற்றியுள்ளதோடு ஒத்துப்போகும். யாரிடமும் கேட்கவில்லை, கண்டுபிடிப்பாளர்கள் கேட்பதில்லை. துணியை நனைத்துக்கொண்டு இடப்பக்கம் போனேன். கதவைத் திறந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே அந்த அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். திறக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

வலப்பக்கத்தில் மீரான் பேசுவது கேட்டது. "அண்ணாச்சி, காந்திமதின்னா நெல்லையப்பர் கோயில் அம்மன் பேருதான? பின்னால 'அம்மன் துணை'ன்னு ரெண்டு வார்த்த ஒட்டிருவோம். பாக்குதவன் சாமி பேருன்னு கும்பிட்டுட்டுப் போவான். யாரு கேக்கப் போறா?"

அம்மன் பெயரை அழிக்காமலிருக்க ஒரு மேலப்பாளையத்து முஸ்லிம் பையன் வழி சொன்னான். உள்ளே அந்த அம்மாவின் தலை முதல்முறையாக நிமிர்ந்தது. அப்புறம் அண்ணாச்சியின் குரல், ஆளே மாறிய மாதிரி, மெதுவாக வந்தது.

"அம்மன் பேருதான... இருந்துட்டுப் போட்டும்."

அந்த நேரத்தில் என் துணிக்கடியில் பெயிண்ட் திரிந்த பாலாகிக்கொண்டிருந்தது. எப்போதோ எங்கேயோ உரசி, அந்தக் கதவுக்கு மட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முதல் இரண்டு எழுத்து சுருங்கிச் சதையாகத் தொங்கியது. 'திமதி' மட்டும் மிச்சம்.

அண்ணாச்சி சுற்றிக்கொண்டு வந்தார். பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"பாத்தியளா. அம்மனே வேண்டாம்னுட்டா" என்றார். "எடுத்துருங்க. எல்லாத்தையும் எடுத்துருங்க."

என் கையில் தின்னர் துணி இருந்தது. நான் வாயைத் திறந்து, அண்ணாச்சி, இது அம்மன் செய்ததில்லை, சொட்டு வைத்துப் பார்க்காத மூதி நான் செய்தது என்று சொல்லியிருந்தால் போதும். அடி விழும், வேலை போகும் என்று பயம். எத்தனையோ வேலையைக் காரணமில்லாமல் விட்டவன், அன்றைக்கு ஒரு வேலைக்குப் பயந்தேன். குனிந்து துணியைப் பிழிந்தேன். மீரான் என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்க மனமில்லையோ, அம்மனைப் பற்றி இதற்குமேல் தான் எப்படிப் பேசுவது என்று நினைத்தானோ, அவனும் பேசவில்லை.

இரண்டு கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அதன்மேல் கதவு கொள்ளாத அளவுக்குப் பெரிதாக 'சுடலைமாடன் துணை' ஒட்டினோம். வண்டி கிளம்பும்போது அந்த அம்மா கண்ணாடியை இறக்கினார். அவர் என் கைக்கு அரை முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும் பார்த்தவர். புருசன் காதில் விழாதபடி, "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா ஐயா" என்றார்.

சாயங்காலம்தான் மீரான் வாய் திறந்தான். "ரெண்டு அற விழுந்திருக்கும். விழட்டுமே லே."

அடுத்த மாதமே அந்தக் கடையை விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து வல்லநாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தார் என்ன விலை போகிறது என்று கேட்டேன், சொன்னார். டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அந்த அம்மா இறந்தபோது காந்திமதியைத் தெருமுனைக்கு இப்பால் விடவில்லையாம். அங்கேயே வெயிலில் நின்று அழுதுவிட்டுப் போனாளாம். வாழையிலை வியாபாரம் செய்யும் மச்சான் மூலமாக மீரானுக்குத் தெரிந்து, சவுதிக்கு வேலைக்குப் போயிருந்த அவன் தம்மாமிலிருந்து போனில் சொன்னான். பிறகு அண்ணாச்சியும் போனார். வண்டியை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது கடை இருந்த இடம் தார் ரோடானது. மீரான் எழுத்து வெட்டி வருடக்கணக்காகிறது, கை நடுங்குகிறதாம். ரேஷனில் மண்ணெண்ணெய்கூட இப்போது இல்லை.

வங்கிக்காரர் டப்பாவை மூடிவிட்டு, சரியாகப் போயிருக்கிறதா என்று கேட்டார். தடவிப் பார்த்துவிட்டு, போயிருக்கிறது சார் என்றேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது எனக்கு அடிக்குப் பயமில்லை, இந்த வேலை போனாலும் கவலையில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் மட்டும்தான் பாக்கி. காந்திமதி எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.