சந்தனம் வைத்த விமானம்

இடுக்கியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பவன் நான். என் அக்காவோ விமானம் ஓட்டுகிறவள். ஒரே வயிற்றில் எப்படி இப்படி இரண்டு பிறந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்காத கல்யாண வீடு இல்லை.

மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, ஒரு பணக்காரர் தனக்கென்று ஓடுபாதை போட்டு ஒரு பழைய சின்ன விமானத்தை வைத்திருக்கிறார். இரண்டு பேர்தான் உட்காரலாம். அதை ஓட்டுவது அக்காவின் வேலை. போன ஆயுத பூஜைக்கு அதற்கும் பூஜை போட்டே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். டிராக்டருக்கு உண்டு, மோட்டாருக்கு உண்டு, கிரைண்டருக்குக்கூட உண்டு, சோறு போடுகிற விமானத்துக்கு மட்டும் இல்லையா என்பது அவள் கட்சி. எங்கள் வீட்டில் அம்மாவின் கட்சி தோற்றதில்லை.

அன்று காலையில் அக்கா வழக்கமான சோதனைகளை முடித்தாள். இறக்கைக்குள் இருக்கும் தொட்டிகளில் பெட்ரோல் போதுமா என்று பார்த்தாள். அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று சின்னக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

நம் ஊரில் வண்டிக்குப் பொட்டு வைப்பதென்றால் ஒன்றோடு நிற்குமா? மூக்கு, கதவு, சக்கரம், வால் என்று அம்மா ஒன்றையும் விடவில்லை. இறக்கைக்கு முக்காலி போட்டு ஏறினாள். வலது பெருவிரலால் அழுத்திச் சந்தனம், அதன்மேல் குங்குமம், சந்து கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு செவ்வந்தி. பிறகு ராகு காலம் வந்துவிடும் என்று எல்லோரையும் விரட்டினாள். “தம்பியவும் கூட்டீட்டு ஒரு சுத்துப் போயிட்டு வா சாமி. அப்பத்தான் பூச முடிஞ்ச மாதிரி” என்று அவள் சொன்னபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு விமானம் கிளம்பியது.

பக்கத்திலிருக்கும் சித்தூர் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. நான் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தூர் வீடுகள் தெரிய ஆரம்பித்த நேரத்தில் என்ஜின் ஒருமுறை செருமியது. பிறகு இன்னொரு முறை.

“என்னக்கா அது?”

“செத்த பேசாம இரு.”

அவள் கைகள் எதையெதையோ தள்ளின, இழுத்தன, திருகின. என்ஜின் நாலு தடவை குதித்துவிட்டு அடங்கியது. முன்னால் விசிறி மட்டும் காற்றுக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதுவரை அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டிருந்தவன், அது திரும்ப வராதா என்று ஏங்கினேன்.

“பெட்ரோல் இருக்குது. வரமாட்டேங்குது” என்று அக்கா தனக்குத்தானே சொன்னாள். இருந்தும் ஏன் வரவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. சாலையில் நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம். இங்கே எங்கே இறங்குவது? எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது.

“திரும்பிப் போயிரலாங்க்கா.”

“அவ்வளவு தூரம் போவாது. தோப்புக்குள்ளதான் விழுவோம்.”

கீழே பார்த்தேன். தென்னை, தென்னை, அதற்கு நடுவே மின்கம்பிகள். அறுவடை முடிந்த வயல்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றி வரப்பு. குறுக்கு வரப்பில் சக்கரம் இடித்தால் குப்புறக் கவிழ்வோம் என்று எனக்கே புரிந்தது. அக்கா நீளவாக்கில் கிடந்த ஒரு வயலைப் பார்த்துச் சாய்த்தாள்.

“பெல்ட்ட இறுக்கிக்கோ. கதவ லேசாத் தொறந்து வெய்யி.”

“கதவையா?”

“மோதுனா சிக்கிக்கும். அப்பறம் வெளிய வர முடியாது.” குழம்பு ஊற்றச் சொல்கிற குரலில் சொன்னாள். நான் திறந்தேன். உள்ளே வந்த காற்றில் சந்தனம் மணத்தது. அம்மாவை நினைத்தேன். இரண்டு பிள்ளைகளையும் ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறாளே, இனி அவளுக்கு யார் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

தென்னை மட்டைகள் சக்கரத்துக்கு அடியில் உரசுகிற மாதிரி போயின. தரை வந்து இடித்தது, எழும்பினோம், மறுபடி இடித்தது. அறுத்த நெல்லின் அடித்தாள்கள் படபடவென்று அடித்தன. முன்சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் நின்றபோது, எதிர் வரப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். “ஏனுங்க, ஆருக்கும் ஒண்ணும் ஆவலீங்களே?”

நான் வரப்பில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓடுபாதைக்குப் போன் பண்ணிவிட்டு, விமானத்தை முழுக்கச் சுற்றிப் பார்த்த பிறகு, இறக்கைமேல் ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அவள் முகம் மாறியது. இறங்கி இறக்கைக்கு அடியில் குனிந்தாள். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்று போவதற்காக அங்கே விரல் கனத்தில் ஒரு குழாய் உண்டு. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஒரு குச்சியால் நோண்டினாள். காய்ந்த சந்தனக் கட்டியும் அதில் ஒட்டிய செவ்வந்திக் காம்பும் வந்தன. பார்த்துவிட்டு அவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

அதற்குள் ஓடுபாதைக் காவலாளியின் ஸ்கூட்டரில் அம்மா வந்துவிட்டாள். ஒற்றைக் காலில்தான் செருப்பு இருந்தது. எங்கள் இருவரையும் தலை முதல் கால் வரை தடவினாள். “என்ற கண்ணுகளா” என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. பிறகு விமானத்தைக் கும்பிட்டாள்.

“என்ற புள்ளைகள பத்தரமா எறக்கி உட்டுட்டியே சாமி” என்று தன் கொண்டையிலிருந்து ஒரு பூவை எடுத்து, எக்கி, அதே குழாயில் செருகப் போனாள்.

அக்கா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “அங்க வேண்டாம்மா.”

“காலைல இங்கதான வெச்சேன்?”

அம்மா அக்காவின் மூடிய கையைப் பார்த்தாள். விரல்களைப் பிரித்தாள்.

“நானா?”

“நாந்தாம்மா. நீ பொட்டு வெச்சதுக்கப்பறம் இன்னொருக்கா பாத்திருக்கோணும். பாக்கல.”

அம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஊர் கூடியது, ஆளுக்கொன்று கேட்டது. அவள் வலது கைப் பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.