குளிர்ப்பெட்டிக்குள் வளைத்த குழாய்

மணிமங்கலத்து ஜாஸ்மினின் பிடிவாதத்தைப் பற்றிக் கேட்டால் அவள் கணவன் அன்பு கையெடுத்துக் கும்பிடுவான். "யப்பா, அவகிட்ட மல்லுக்கு நிக்க நம்மால ஆவாது" என்பான். ரப்பர் டிப்ளமா படித்தவள். ஒரகடத்தில் கார் பாகங்களைச் சோதிக்கும் லேப் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் மாதம் பர்மனென்ட் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது மேனேஜர் நெல்லையப்பன் கையில் இருந்தது.

வேலை என்னவோ வேடிக்கையானதுதான். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். லேபின் குளிர்ப்பெட்டிக்குள் மைனஸ் நாற்பது டிகிரி. பனி பெய்யும் தேசங்களுக்குப் போகிற கார்களின் ரப்பர் பிரேக் குழாயை அதில் ஒரு நாள் முழுக்க உறைய வைத்து, பிறகு அதே குளிரில் இரும்புத் தடியைச் சுற்றி வளைக்க வேண்டும். விரிசல் விட்டால் ஃபெயில்.

ஆறு வருஷமாக ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. அதுதான் ஜாஸ்மினுக்கு உறுத்தியது. அதெப்படி, ஒரு ரப்பராவது முரண்டு பிடிக்காமல் இருக்கும்? கவனித்துப் பார்த்தாள். எல்லாரும் குழாயை வெளியே எடுத்து, பத்தடி நடந்து, மேஜையில் வைத்து வளைத்தார்கள். பெட்டிக்குள் கைவிட்டால் விரல் மரத்துப்போகும், யார்தான் விடுவார்கள்! அந்த அரை நிமிஷத்துக்குள் ஒரகடத்துச் சூடு குழாயை மைனஸ் பதினெட்டுக்கு ஏற்றிவிட்டது. அதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். அப்புறம் கையுறையை இரண்டிரண்டாக மாட்டிக்கொண்டு பெட்டிக்குள்ளேயே வளைத்தாள். மூன்று குழாய், மூன்றும் வெடித்தன.

நெல்லையப்பன் திருநெல்வேலிக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் குதித்தார்.

"ஆறு வருசமா பாஸான குழாய் ஒங்கையில மட்டும் எப்படிம்மா வெடிக்கி? பேசாம மேசையில வச்சு வளைச்சு, பாஸ்னு எழுதிட்டு சோலியப் பாரு. பர்மனென்ட் ஆவணுமா, வேண்டாமா?"

ஜாஸ்மின் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"ஆவணும் சார். அதுக்குன்னு பொய் எழுத மாட்டேன். அந்த ஊர்ல எவளோ ஒருத்தி புள்ளைய ஒக்கார வச்சிகினு பிரேக்க மிதிப்பா. வண்டி நிக்கலன்னா அவ இன்னா சார் பண்ணுவா? நீங்களே உள்ள கைய வுட்டு வளைச்சுப் பாருங்க. வெடிக்கலன்னா இப்பவே பாஸ்னு எழுதித் தரேன்."

கையுறைகளை நீட்டினாள். வாங்கி மாட்டினார். உள்ளே கைவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தார். சடக்கென்று குழாய் பிளந்தது.

பெட்டிக் கதவை மூடக்கூடத் தோன்றாமல் நின்றார் மனிதர். ஆறு வருஷத்தில் நூற்றுப் பதினான்கு ரிப்போர்ட். அத்தனையிலும் கீழே இருந்தது அவர் கையெழுத்து.

"ஏம்மா, அப்பம் பழைய ரிப்போர்ட்டெல்லாம்?"

"ஒவ்வொரு டெஸ்ட்லயும் மிஞ்சின குழாய்ங்க ஸ்டோர்ல கீது சார். எல்லாத்தையும் மறுபடி போட்டுப் பாக்கணும்."

"பாத்தா என் வேல போயிரும்லா?"

ஜாஸ்மினுக்குப் பாவமாக இருந்தது. இருந்தும், "போனாலும் போவலாம் சார்" என்றாள்.

நெல்லையப்பன் கையுறையைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஒண்ணாம் நம்பர் ரிப்போர்ட்லயிருந்து போடு. நானும் கூட நிக்கேன்."