பழைய டிரைவர்

டிப்போவில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசியாக ஏறிய ஆள் கம்பியைப் பிடித்துவிட்டாரா என்று கண்ணாடியில் பார்க்காமல் பஸ்ஸை எடுக்க மாட்டார். வண்டியில்தான் அந்த நிதானம், பேச்சில் கிடையாது. சிக்னலில் நின்றால்கூடப் பின்னால் திரும்பி யாரிடமாவது விட்ட கதையைத் தொடர்வார். வீட்டில் மனைவி, "வாய்க்கும் ஒரு பிரேக் இருந்தா தேவலை" என்பாள். அவள் துணி கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வந்தால் இங்கே இவர்.

நோய் அந்த வாயில்தான் முதலில் கை வைத்தது. நாக்கு குழறியது. குடித்திருக்கிறார் என்று ஒரு பயணி புகார் சொல்ல, டிப்போவில் ஊதிக் காட்டச் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர் எல்லோர் முன்னாலும் ஊதிக் காட்டினார். அப்புறம் டம்ளர் கையில் நிற்கவில்லை, கால் படியேறவில்லை. தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும், மருந்து கிடையாது, கண் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றார் டாக்டர்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஒரு லேப்டாப் அனுப்பினாள். திரைக்குக் கீழே, கண் போகிற இடத்தைக் கவனிக்கிற ஒரு பட்டை. எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து விழும், எழுதி முடித்தால் ஒரு குரல் வாசிக்கும். செய்தி வாசிக்கிற மாதிரிக் குரல். யாரோ மூன்றாம் மனுஷன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னை அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி முதலில் முகம் சுளித்தாள். பிறகு பழகிவிட்டது. "தலையணையை ஏத்து. கீழ் வீட்டுக்காரன் இன்னுமா வண்டியைக் கழுவுறான்?" என்று அது கேட்கும்போது அவர்தான் கேட்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் திரை மினுக்க ஆரம்பித்தது. பார்த்த எழுத்து விழாமல் பக்கத்து எழுத்து விழுந்தது. தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவரை மனைவி கூட்டி வந்தாள். அவர் ஏதேதோ திறந்து பார்த்துவிட்டு, "கிராஃபிக்ஸ் டிரைவர் ரொம்பப் பழசு. படத்தைத் திரைக்குக் கொண்டுவர்ற புரோகிராம் அதுதான். புதுசு போட்டா சரியாயிடும்" என்றார்.

நிதானத்தின் கண்கள் எழுத்து எழுத்தாக நகர்ந்தன. குரல் வாசித்தது: "பழசுன்னா மாத்திடுவீங்களா? நானும் பழைய டிரைவர்தான்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள். அந்தக் குரல் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

புது டிரைவர் ஏறியது. லேப்டாப் அணைந்து எழுந்தபோது மினுக்கல் இல்லை, திரை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஆனால் கண்ணால் எழுதுகிற புரோகிராமைத் திறந்தால் வெறும் கறுப்புக் கட்டம்தான் வந்தது. புது டிரைவரோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. பழையதற்குத் திரும்பலாம் என்று பார்த்தால் அந்த வழி அடைபட்டிருந்தது. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் பழையதை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைக்காரர் வியர்த்துப்போனார். அவர் மேல் தப்பு இல்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். புரோகிராம் செய்தவர்களுக்கு மகள் எழுதினாள். அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம், பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது.

பொறுத்திருந்தார்கள். மனைவி ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி அவர் முன்னால் பிடித்தாள். விரலை நகர்த்திக்கொண்டே போவாள். சரியான எழுத்து வந்தால் அவர் மேலே பார்க்க வேண்டும், இல்லையென்றால் கண்ணை மூட வேண்டும். நம் எழுத்துகள் என்ன கொஞ்சமா? கொம்பும் காலும் புள்ளியும் தேடுவதற்குள் சொன்னதே மறந்துவிடும். பாதியிலேயே அவள் யூகித்துச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் அவர் கண்ணில் நீர் வரும். கோபமா, அழுகையா என்று அவளுக்குத் தெரியாது. போகப்போக அவர் தலையணை, தண்ணீர் தவிர எதுவும் கேட்பதில்லை. ஊரெல்லாம் பேசிய மனிதர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பகலில் கீழ் வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். வேலைக்குப் போகும்போது அவரைப் பார்க்காமல் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டாள்.

புதுப் பதிப்பு ஒருவழியாக வந்தது. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்து ஏற்றினார். புரோகிராம் திறந்தது. நோயாளியின் பார்வையை அது பழகிக்கொள்வதற்காகத் திரையின் மூலையில் ஒரு புள்ளி வந்து நின்றது. அதைப் பார்க்க வேண்டும். நிதானத்தின் கண்கள் நடுவிலிருந்து கிளம்பி, பாதி வழியில் நடுங்கி, திரும்பி வந்தன. மீண்டும் முயலவும் என்றது திரை. மீண்டும் முயன்றார். மீண்டும். கடைக்காரர் லேப்டாப்பைச் சாய்த்தார், நகர்த்தினார், கடைசியில் கட்டிலோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, மெஷின்ல கோளாறு இல்ல" என்றார் மெதுவாக.

"தெரியுது தம்பி. மூடி வச்சிடுங்க."

சில நாள் கழித்து ஒரு காலையில் அவராகவே அட்டையைப் பார்த்தார். அவள் வேலைக்குக் கிளம்பியிருந்தவள், பையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். 'ப' வந்தது. வெகுநேரம் கழித்து 'ய' வந்தது.

"பயமா இருக்கா?"

கண்ணை மூடினார்.

"பயணமா? எங்கயாவது போகணுமா?"

மூடினார். அவள் மறுபடி விரலை நகர்த்தினாள். எந்த எழுத்துக்கும் கண் மேலே போகவில்லை. களைத்துத் தூங்கிப்போனார். மறுநாள் அட்டையை நீட்டியபோது பார்க்கவே இல்லை. அந்த வாரமே மூச்சு அடங்கியது.

மகள் வந்து இருந்துவிட்டுப் போனாள். அம்மா மறுபடி வேலைக்குப் போகிறாள். பட்டன் தைக்கும்போது வாய் முணுமுணுக்கும்: பயிர், பயறு, பயல், பயன். எதுவும் அவர் அவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. போனில் ஒருநாள் மகளிடம் சொன்னாள். விட்டுடும்மா, சும்மா ஏதோ கேட்டிருப்பார் என்றாள் மகள்.

"என்ன கேட்டாரு?" என்றாள் அம்மா.

மகள் போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.