ஆளில்லாத வீட்டுக்கு ஒரு பல்பு

முதலில் மன்னிப்பு. பத்திரிகை ஆபீசில் என் கையெழுத்தைப் படித்து டைப் அடிக்கிற தங்கச்சிக்குத்தான் அது. நான் படித்தது நாலாம் வகுப்பு. எங்கே எந்த 'ர' போட வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் குருட்டாம்போக்குத்தான். வாரா வாரம் நீங்கள் திருத்துகிறீர்கள், வாரா வாரம் நான் அதே தப்பைச் செய்கிறேன். இந்த வாரம் எழுத்து இன்னும் கோணலாக இருக்கும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "வீட்டு வேலையெல்லாம் தானாக நடக்கும்படி நானே செய்து பார்க்க ஆசை. என்னென்ன சாமான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். பெயரைப் போட வேண்டாமாம். வெட்கப்படுகிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். சால்டரிங் அயன் ஒன்று, ஈயக் கம்பி, டெஸ்டர், நல்ல கட்டிங் பிளேயர். ரிலே இரண்டு வாங்குங்கள் — முதலாவது எப்படியும் புகைந்துவிடும். இன்சுலேஷன் டேப் தாராளமாக வாங்குங்கள்.

இன்னும் ஒன்று வேண்டும். அது சேலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்காது. அது என்ன என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு மாதமாக நான் எழுதாமல் தள்ளிப்போட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம். மிளகுத் தோட்டம் கொஞ்சம் உண்டு. அதோடு ரேடியோ, டிவி ரிப்பேரும் பார்ப்பதால் ஊரில் என் பெயர் ரேடியோக்காரர். ஒரே மகள் செல்வியைக் கீழே சேந்தமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நானும் என் மனைவி பழனியம்மாவும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போனதே இல்லை. பழனியம்மா போனால் நான் வீட்டுக் காவல். நான் போனால்... நான் எங்கே போனேன்? எப்போதும் அவள்தான் போவாள்.

தை மாதக் கடைசியில் செல்விக்கு வளைகாப்பு வைத்தார்கள். பழனியம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, இந்தத் தடவ ரெண்டு பேரும் போறோம். ஒத்தையில போய் நின்னா, அவரு வரலீங்களா, அவரு வரலீங்களான்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே என் வாய் வலிக்குது. புள்ளைக்குச் சேந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணோணும். நீங்க வரலீன்னா நானும் போவல."

மூன்று நாள் பயணம். உள்ளே முதல் பறிப்பு மிளகு காய்ந்து மூட்டையாக இருந்தது. வாசலில் மிளகு நாற்று, வேளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். வீட்டை எப்படி விட்டுவிட்டுப் போவது?

உங்களுக்கு உடனே பதில் தோன்றியிருக்கும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் என்ன?

எங்கள் மலையில் அதுதான் வழக்கம். ஓர் இரவு வெளியே தங்குவதாக இருந்தாலும் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "போய்ட்டு வாரோம், ஊட்டப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அடுத்த வீட்டு அங்கமுத்து மச்சான் என் வீட்டுப் படலைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். என் நாய்கூட பாதி நாள் அங்கேதான் சாப்பிடுகிறது.

ஆனால் கேட்க வேண்டுமே! அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! அவருக்கும் பறிப்புக் காலம்... அவருக்கும் வேலை இருக்கும்... இப்படியே இரண்டு நாள் அவர் வாசல் வரை போய், தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் பீடி குடிப்பதில்லை.

அப்புறம் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் ரிலே வாங்கி வருவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மூன்று வாரம் உட்கார்ந்து செய்தேன். நாற்றுக்கு ஒரு தொட்டி, அதில் மிதவை வைத்த வால்வு, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அது ஒழுங்காக வேலை செய்தது. அதனால் அதைப் பற்றி இன்று வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது விளக்கு. எல்.டி.ஆர். என்று ஒரு சின்ன வில்லை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. வெளிச்சம் குறைந்தால் அது கண்டுகொள்ளும். உடனே ரிலே 'டக்' என்று தட்டி வாசல் பல்பைப் போடும். விடிந்ததும் அணைக்கும். பல்பின் வெளிச்சமே அதன் கண்ணில் பட்டால் பொழுது விடிந்துவிட்டது என்று ஏமாந்துபோகும். அதனால் பிவிசி பைப் துண்டு ஒன்றில் சொருகி வானத்தைப் பார்க்க வைத்தேன். செய்து பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

பல்பு மட்டும் போதுமா? வீட்டில் ஆள் இருப்பது போல் சத்தமும் வேண்டாமா? ரேடியோவையும், பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட வைக்கிற எலிமினேட்டர் வழியாக அதே ரிலேயில் கோத்துவிட்டேன். இருட்டினால் விளக்கும் பாட்டும் சேர்ந்து வரும்.

வெளியே பூட்டுத் தொங்கினால்? ஆள் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முன்கதவை உள்ளே தாழ் போட்டேன். பின்பக்கமாக வெளியே வந்து, பின்கதவில் போட்ட ஓட்டை வழியாக வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு உள்தாழை இழுத்துவிட்டேன். எந்தத் திருடனுக்கும் சந்தேகமே வராது. என் மூளையை நினைத்து எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

விடிகாலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பழனியம்மா கேட்டாள்.

"அங்கமுத்தண்ணங்கிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"ம்" என்றேன்.

வாசகர்களே, நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லையே!

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய விளக்கு எரிந்ததாம், ரேடியோ பாடியதாம். பழனியம்மா மட்டும் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள், நான் எப்போதும்போல் வீட்டில் இருக்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நான் நினைத்ததும் அதைத்தானே!

ஆனால் ஒன்றை நான் மறந்துபோனேன். நான் பார்த்துச் செய்த சர்க்யூட் படத்தைப் போட்டவர் சமவெளிக்காரர். அவர் ஊரில் இருட்டு என்றால் ராத்திரி. எங்கள் ஊரில் மேகம் இறங்கினாலும் இருட்டுத்தான். அதுவும் என் வீடு மேட்டில் இருக்கிறது. மேகம் மலையில் கை வைக்கும்போது முதலில் தொடுவது என் கூரையைத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்திருக்கிறது. கீழே சம்பந்தி வீட்டில் நல்ல வெயில். செல்வியை நாற்காலியில் உட்கார வைத்து, பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வெட்கப்பட்டு நான் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தேன். அந்த மூலையில்தான் போன் இருந்தது. மணி அடித்தது. சுற்றிப் பார்த்தேன், எல்லோருக்கும் கை நிறைய வேலை. எடுத்தேன்.

"அலோ! சம்பந்தி ஊடுங்களா? நான் மலையிலிருந்து அங்கமுத்து பேசறனுங்க. பழனியம்மா தங்கச்சிகிட்டப் பக்குவமாச் சொல்லுங்க. அவங்க ஊட்டுக்காரர கரண்டு புடிச்சிருச்சுங்க."

"யாரைங்க?"

"ரேடியோக்காரரைங்க! உள்ள தாழ் போட்டுக் கெடக்குது. வாசல் லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. கூப்ட்டா பாட்டு நிக்குது, மறுபடி கூப்ட்டா பாடுது. பதிலக் காணோம். ஒயரப் புடிச்ச கையி ஒட்டிக்கிட்டு மனுசன் துடிக்கறாருன்னு என் ஊட்டுக்காரி அழுவறா. பியூஸப் புடுங்கிட்டோம். பசங்க கடப்பாரையில கதவ நெம்பறாங்க. நான் கடைக்கு ஓடியாந்து போன் பண்றனுங்க..."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"மச்சான்... நான்தான்."

"எந்த நான்தான்?"

"ரேடியோக்காரன்."

அவர் இன்னொரு ரூபாய்க் காசு போடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப உள்ள யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லாம லைட்டு எப்படி எரியுது?"

"அது... தானா எரியும் மச்சான்."

"ரேடியோ?"

"அதுவும் தானாத்தான்."

"எல்லாந் தானா நடந்துக்குமா?"

"ம்."

"அப்ப நாங்க எதுக்கு மாப்ள பக்கத்து ஊட்டுல இருக்கறோம்?"

போனை வைத்துவிட்டார்.

அங்கே கதவு உடைந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரு வருட மிளகு. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் மேலே போய்விடலாம். பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். வாசப்படியில் பழனியம்மா பிடித்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். முதல் முறையாக முழுசாக, அந்த 'ம்' உட்பட.

அவள் என் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"கதவு ஒடஞ்சா செஞ்சுக்கலாம். மொளகு போனா அடுத்த வருசம் காய்க்கும். புள்ள உங்களத்தான் தேடிட்டு உக்காந்திருக்குது. வாங்க."

போய் நின்றேன். சேர்ந்து நின்றோம். செல்வி தலையில் கை வைத்துவிட்டு, துண்டால் முகத்து வேர்வையைத் துடைத்தேன். "அப்பா, அழுவறீங்களா?" என்றாள். "ஆமாம் கண்ணு" என்று சொல்லிவைத்தேன். மேலே கதவு உடைகிறது என்று அந்த நேரத்திலா சொல்ல முடியும்?

அங்கே ஏதாவது திருடு போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது மூட்டைகள் அப்படியே இருந்தன. உடைந்த கதவை நிமிர்த்தி, பழைய தாழைப்போல் இரண்டு மடங்கு பெரிய தாழ் ஒன்றை அங்கமுத்து மச்சான் அடித்திருந்தார். முந்தின ராத்திரி முழுக்க அவர் என் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாராம். நான் போனதும் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். என் நாயும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஊர் அவருக்கும் சேர்த்துப் பேசியது. டீக்கடையில் என்னைப் பார்த்தால், "இவருக்கு எதுக்குய்யா டீ? தானா நெரம்பிக்கும்" என்பார்கள். செல்லம்மா அக்கா — அங்கமுத்து மச்சானின் மனைவி — பழனியம்மாவிடம், "நான் அழுத அழுகைய உங்க ஊட்டுக்காரரு திருப்பித் தருவாரா?" என்று கேட்டாராம். அதற்கு நான் என்ன சர்க்யூட் போடுவது? இருக்கிற சர்க்யூட்டைக் கழற்றவும் மனசு வரவில்லை; அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பார்க்கிறேன்... தானாக நடக்கட்டும் என்று நாம் செய்து வைக்கிற சாமான்களில் பாதி, பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒரு வாய் கேட்க வெட்கப்பட்டுச் செய்வதுதானோ?

நேற்று சாயங்காலம் செல்வி வீட்டிலிருந்து தகவல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்களாம், உடனே இரண்டு பேரும் வர வேண்டுமாம். பழனியம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'ம்' சொல்லியிருப்பேன்.

போனேன். அங்கமுத்து மச்சான் வாசலில் மிளகை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தீப்பெட்டி கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"மச்சான்... புள்ளைக்கு நேரமாயிருச்சாம். நாங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாரோம். ஊட்டக் கொஞ்சம் பாத்துக்கங்க."

மூட்டையின் வாயைக் கட்டி முடித்த பிறகுதான் பேசினார்.

"அந்த லைட்டக் கழட்டிட்டுப் போறயா?"

"காலையில கழட்டிர்றேன் மச்சான்."

"கழட்டாத."

எனக்குப் புரியவில்லை.

"உன்ற ஊட்டு லைட்டு பகல்ல எரிஞ்சா மேகம் எறங்குதுன்னு அர்த்தம். அதப் பாத்துத்தான் ரெண்டு மாசமா கீழ இருக்கற ஊடெல்லாம் காயப்போட்ட மொளக அள்ளுது. இதா, நானுந்தான் இப்ப அள்ளுனேன். ரேடியோவ மட்டும் நிறுத்திட்டுப் போ. உன்ற பாட்டக் கேக்க முடியல."

அப்புறம் மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவர் திரும்பினார்.

"தாழ வெளிய போடு மாப்ள. ஆள் இல்லன்னு தெரிஞ்சாத்தான நான் வந்து படுக்க முடியும்?"

ராசிபுரம் வாசகரே, கடையில் கிடைக்காத சாமான் எது என்று இப்போது தெரிந்திருக்கும். லிஸ்டில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ரிலே அப்புறம்.

பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வளைவுக்கும் பேனா ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். டைப் அடிக்கிற தங்கச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும். பழனியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இப்போதுதான் கேட்டாள்.

"அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றேன், வாயைத் திறந்து.

11.4.2003, வெள்ளிக்கிழமை காலை. இறங்குகிற வழியில், முப்பத்தேழாவது வளைவு.