தோணி நிற்க ஓர் இடம்

பொன்னுத்துரைக்கு உட்கார்ந்தால் ஆகாது. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாக வேடசந்தூர் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஆளே இல்லாமல் ஓடுகிற நாளில்கூட சீட்டில் சாயமாட்டார். வாசல்படிக்கும் டிரைவர் முதுகுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். வீட்டில் சோறு போட்டு வைத்தால் இரண்டு கவளத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்ப்பார்.

"வாசல்ல யாரு நிக்கா, டிக்கெட் எடுக்காம?" என்று கேட்பாள் அவர் மனைவி செபாஸ்தியம்மாள்.

அந்த நிலைகொள்ளாத கால்கள்தான் அவரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஐம்பத்திரண்டில், மாதா கோயில் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர் அங்கே செபாஸ்தியம்மாளைப் பார்த்தார். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தது அண்ணன் கஸ்பார். கஸ்பார் தோணித் தண்டல். பாயும் சுக்கானும் ஆட்களும் அவர் சொல்லுக்குத்தான் அசைய வேண்டும். எல்லாம் அசைந்தன, தங்கை மட்டும் அசையவில்லை. கட்டினால் இந்தக் கண்டக்டரைத்தான் கட்டுவேன் என்றுவிட்டாள்.

பெண் கேட்கப் போன பொன்னுத்துரையை கஸ்பார் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "கெணத்த எட்டிப் பாத்து வளந்தவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதோ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணம் திண்டுக்கல் கோயிலில் நடந்தது. பெண் வீட்டார் வரிசையில் ஓர் ஆள் இல்லை. அதன்பிறகு ஏழு வருஷம் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை கிடையாது. செபாஸ்தியம்மாளும் வாய் திறந்து கேட்டதில்லை. பேகம்பூர் பக்கம் தூத்துக்குடிக் கருவாட்டு லாரி வந்து நின்றால் மட்டும் சாமான் வாங்குகிற சாக்கில் போய், வாங்காமலே திரும்பிவருவாள். பொன்னுத்துரை பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். தான் கட்டிக்கொண்டு வந்த பாவம்தானே என்று உள்ளே குடையும்.

அறுபதாம் வருஷம் மாசி மாதம் அந்தக் கருவாட்டு லாரியிலேயே சேதி வந்தது. கொண்டுவந்தவர் டிரைவர் ஜமால் முகமது, பேகம்பூர்க்காரர்.

"உங்க மச்சான் சொல்லிவிட்டாருண்ணே. பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநா, உப்பு ஏத்திக்கிட்டு நாகப்பட்டணம் போற வழியில பாம்பனத் தாண்டிருவாராம். அதுக்கு வடக்க எங்கயாச்சும் தண்ணி பிடிக்க ஒருக்கா நிக்கணுமாம். எங்க நிக்கன்னு தங்கச்சியையே சொல்லச் சொன்னாரு. வந்தா பாக்குறாராம். வரலைன்னா அதோட சரின்னுட்டாரு."

பாம்பனுக்கு வடக்கே செபாஸ்தியம்மாளுக்கும் ஊர் தெரியாது. "நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க கூட்டிட்டுப் போற எடத்துக்குத்தான நான் வரணும்" என்றாள்.

பொன்னுத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. கடலில் தோணி நிற்க இடம் பார்க்கும் பொறுப்பு எரியோடு பஸ் கண்டக்டர் தலையில் விழுந்திருக்கிறது. கஸ்பார் மூக்கில் விரல் வைக்கிற மாதிரி ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். லீவு போட்டார், கிளம்பினார்.

முதலில் தேவிப்பட்டினம். அங்கே திதி கொடுக்க வந்த கூட்டம் தண்ணீருக்குள்ளேயே நின்றது. அண்ணனும் தங்கையும் ஏழு வருஷத்து அழுகையை அழவேண்டும், ஊரே வேடிக்கை பார்க்கும். வேண்டாம் என்றார். அடுத்து தொண்டி. தோணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கிற இடம். எதைக் கேட்டாலும் சொல்வதற்கு ஆள் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அத்தனை கடல்காரர்கள் நடுவில் கஸ்பார் முன்னால் தான் எப்படி நிற்பது? கருவாட்டு நாற்றம் அதிகம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இரண்டுக்கும் நடுவில் நரிக்குடா என்று ஒரு சின்ன ஊர். இறங்கியதுமே மனசு குளிர்ந்தது. பஸ் திருப்ப விசாலமான இடம், பக்கத்தில் டீக்கடை, பனைமர நிழல், குட்டியாக ஒரு கோயில். கோயிலை ஒட்டிக் கிணறு. ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தார். சிறுமலைத் தண்ணீர் கெட்டது போங்கள், அப்படி இனித்தது. கோடையில் வற்றுமா என்று டீக்கடைக்காரரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். கிழக்கே கடலில் இறங்கக் கல்படி கட்டியிருந்தது. காலை வெயிலில் தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டுத் தளும்பியது. தோணி படியிலேயே வந்து முட்டி நிற்கும், செபாஸ்தி சேலை நனையாமல் ஏறலாம் என்று கணக்குப் போட்டார்.

திண்டுக்கல்லில் பிறந்த மனுஷன். கிணறு வற்றும், கண்மாய் வற்றும், குடகனாறுகூட வற்றும். எல்லாம் அவருக்குத் தெரியும். அதனால்தான் கிணற்றைப் பற்றி அத்தனை விசாரித்தார். கடல் வற்றுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு தண்ணீர் எங்கே போய்விடப் போகிறது?

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் ஜமால் முகமதுவைப் பிடித்து, நரிக்குடா என்று சேதி சொல்லிவிட்டுத்தான் ஊர் வந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே கிணற்றுத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்துப் படிவரை ஒப்பித்தார். செபாஸ்தியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாயங்காலம்வரைக்கும் இருந்து பாக்கலியா?" என்றாள்.

"எதுக்கு? மத்தியான பஸ்ஸ விட்டா மறுநாதான்."

"சரி" என்றாள் அவள்.

அந்தச் சரி அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. சாயங்காலம் அங்கே என்ன இருக்கப்போகிறது? சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். வேடசந்தூர் டிக்கெட்டை எரியோட்டுக்குக் கிழித்தார். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்டுத் தப்பு என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். சேதி போய்விட்டது. இனி மாற்ற வழியில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் சின்ன மகளோடு மூன்று பேரும் நரிக்குடாவில் இறங்கும்போது மத்தியானம் சாய்ந்திருந்தது. செபாஸ்தியம்மாள் கையில் அண்ணனுக்காக ஒரு சீப்பு சிறுமலைப் பழம். மகள் ரொசாரிக்குப் புதுப் பாவாடை. பொன்னுத்துரைக்குக் கஞ்சி போட்ட சட்டை. பனைமரம் தாண்டிக் கடலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கடலைக் காணோம். படிகள் அத்தனையும் வெட்டவெளியில் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அப்பால் சேறும் பாசியும் பாளமாகக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகத் தண்ணீர் தெரிந்தது. அதற்கும் அப்பால் ஒரு தோணி நின்றது. அதன்மேல் ஆட்கள் பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிருவாக" என்றாள் செபாஸ்தியம்மாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"தண்ணி… எங்க போச்சு?" என்றார்.

"வரும். ராத்திரிக்கு வரும். அண்ணன் அதுவரைக்கும் நிக்காது."

சொல்லிவிட்டுச் சேலையை வரிந்து கட்டினாள், பழச்சீப்பைத் தலையில் வைத்தாள், சேற்றில் இறங்கி நடந்தாள். ஏழு வருஷம் செம்மண் புழுதியில் நடந்த கால்கள் அந்தச் சேற்றில் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. பொன்னுத்துரைக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் அவர் நின்றதே இல்லை. மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். சேறு ஒரு செருப்பை விழுங்கியது. இன்னொன்றை அவரே விட்டுவிட்டார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கையைத் தூக்கிக் கூப்பிட்டபடி அவள் போய்க்கொண்டே இருந்தாள். இவள் இப்படியே போய் ஏறிக்கொண்டால் திரும்புவாளா என்று நினைத்தபோது, நெஞ்சுவரை வந்துவிட்ட தண்ணீரைவிட அந்த நினைப்புத்தான் அவருக்கு மூச்சை முட்டவைத்தது.

தோணியிலிருந்து ஒரு சின்ன வள்ளம் இறங்கி வந்தது. துடுப்பு வலித்து வந்தவர் கஸ்பாரேதான். தலை நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"எந்தக் கூறுகெட்டவன் சொன்னான் இந்த எடத்த? மத்தியானத்துலேருந்து சேத்தப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

பொன்னுத்துரை வாயைத் திறந்தார். அதற்குள் செபாஸ்தியம்மாள் சொல்லிவிட்டாள். "நான்தாண்ணே சொன்னேன்."

"நீயா?"

"நான்தான்."

"தண்டல் வீட்டுல பொறந்தவ, இந்தச் சேத்தக் காட்டி நிக்கச் சொன்னியாட்டி? ஏழு வருஷத்துல கடலயே மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்" என்றாள். கஸ்பார் வீட்டில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதை அவள் நனைந்த சேலையோடு, தலையில் பழச்சீப்போடு, ஒரு சுளிப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டாள். பொன்னுத்துரை, "இல்ல, அது வந்து…" என்று ஆரம்பித்தார். தண்ணீருக்குள் அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கஸ்பார் தங்கையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். கஞ்சி போன சட்டையைப் பார்த்தார். தோளில் உட்கார்ந்து தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பெறகு எந்தத் தைரியத்துல இம்புட்டுத் தூரம் வந்தீரு?"

"இவ போனா. வந்தேன்."

கஸ்பார் குனிந்து ரொசாரியை வாங்கி வள்ளத்தில் உட்காரவைத்தார். அதே கையைப் பொன்னுத்துரையிடம் நீட்டினார்.

"ஏறும். தண்ணி ஏறாம வள்ளம் கரைக்குப் போகாது. காலையில போவலாம்" என்றவர், துடுப்பை எடுத்துக்கொண்டே, "அடுத்த வருஷம் எடம் பாக்குறத இவகிட்ட விடாதேயும். நீரே பாத்துச் சொல்லும், மாப்ள" என்றார்.

அதன்பிறகு அறுபத்தாறில் கஸ்பார் தோணித் தொழிலை விடும்வரை மாசி தவறாமல் லாரியில் சேதி வந்தது: மாப்ள எங்க நிக்கச் சொல்றாரு? சேதி வந்த அன்றைக்கு மட்டும் பொன்னுத்துரை அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். செபாஸ்தியம்மாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, லாரிக்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்த ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வாள். அவர் எழுந்துபோய் ஜமால் முகமதுவிடம் அதைத் தன் பெயரில் சொல்லிவிட்டு வருவார். யார் பார்த்த இடம் என்று கஸ்பார் அதற்கப்புறம் கேட்டதே இல்லை.