நாற்பதடி தள்ளி

பெட்டியைத் தூக்குவதற்கு முன் வெள்ளைத்துரை அதன் நான்கு மூலைகளையும் மோந்து பார்ப்பார். கந்தகமோ அலுமினியப் பொடியோ வாடை அடித்தால், பெட்டி வந்த வழியே திரும்பும். நாரணாபுரம் சாலையிலுள்ள பார்சல் அலுவலகத்தில் எட்டு வருடமாக இதுதான் அவர் வழக்கம்.

"பெட்டி தூக்க வந்தீகளா அண்ணாச்சி, சாம்பார் ருசி பாக்க வந்தீகளா?" என்பான் பில் போடும் முனியராஜ்.

"ஏலே, ஒன் மூக்கு சளிக்கு, என் மூக்கு இதுக்கு. பில்லைப் போடுலே."

வயது ஐம்பத்தேழு. டீயை ஆவி அடங்கிய பிறகே குடிப்பார். ஆணி அடித்த செருப்போடு யாரையும் சரக்குக் கிட்டங்கிக்குள் விடமாட்டார். 'கெமிக்கல்' என்று எழுதிய எதுவும் மற்றச் சரக்கோடு சேரக்கூடாது. நாற்பதடி தள்ளி, தகரக் கொட்டகையில் தனியாக இருக்க வேண்டும். அந்த நாற்பதடியை அவரே கால் வைத்து அளந்திருக்கிறார்.

14-5-2015, வியாழக்கிழமை. அப்போது வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், சேரக்கூடாத இரண்டு மூட்டைகளை அவர் ஒரே அறையில் இறக்கினார். அவற்றின் அருகே உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி மாரித்தாய். பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அந்த அறை இல்லை.

2024 தீபாவளி சீசன். அக்டோபர் பதினெட்டு, வெள்ளி, பகல் பதினொன்று பத்துக்கு லோடோடு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. எடை இரண்டு கிலோ நானூறு கிராம். 'கெமிக்கல்' என்பதை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தார். பக்கத்தில் நீல நிறத்தில் ஆறு முனைப் படம் ஒன்று. அதில் எழுதியிருந்த எண்ணுக்கு இரண்டு முறை போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. பெட்டியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போய்க் கொட்டகையில் வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு விருதுநகர்க் கல்லூரியின் ஆராய்ச்சி மாணவி ஓவியா வந்தாள். பெட்டியைத் திறந்தாள். ஐஸ் பொதிகள் வெந்நீர்ப் பைகளாகக் கிடந்தன. நடுவிலிருந்த சுண்டுவிரல் அளவு குப்பியில் தூள் நிறம் மாறிக் கட்டிப்போயிருந்தது.

"எங்கன வச்சிருந்தீக அண்ணாச்சி?"

"கொட்டகைலம்மா. வாசமே இல்ல. அதான் எனக்குப் பயம். மேல மத்தாப்புப் பொறி படம் வேற."

"அது பொறி இல்ல அண்ணாச்சி. பனி. குளுர்ச்சியா வைக்கணும்னு போட்டது."

"அப்ப வெடிக்காதா?"

"இது எப்படி வெடிக்கும்? ஒங்க ஒடம்புல, என் ஒடம்புல, எல்லார் ஒடம்புலயும் இருக்கறதுதான். திங்கிற சோறு தெம்பா மாறணும்னா இது வேணும். என்.ஏ.டி.எச்.னு பேரு."

அந்தத் தூள் எதற்கு என்பதையும் சொன்னாள். முந்தின நாள் எம். புதுப்பட்டியில் வெடிமருந்து கலக்கும் முப்பத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்திருந்தாள். போனை அவள் எடுக்காததும் அதனால்தான். ஈரல் கெட்டால் அதிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதியை அளக்க இந்தத் தூள் வேண்டும்.

"வேற வாங்கிக்கலாம்ல தாயி?"

"வந்து சேர பத்து நாள் ஆகும். ரத்தம் அம்புட்டு நாள் தாங்காது. திரும்ப எடுக்கலாம்னா தீபாவளிக்குக் கம்பெனியை அடைச்சிருவாக. அடுத்த சீசனுக்கு நான் இருக்க மாட்டேன், மார்ச்சோட என் படிப்பு முடியுது. 'ரிசல்ட் எப்பம்மா சொல்லுவ, எப்பம்மா சொல்லுவ'ன்னு ஒவ்வொருத்தரும் கேட்டாக..."

அவள் குப்பியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். முனியராஜ் பில் போடுவதை நிறுத்தியிருந்தான்.

இந்தத் தடவை தள்ளித்தான் வைத்தோம் என்று வெள்ளைத்துரைக்குத் தோன்றியது. தள்ளி வைத்தும் போய்விட்டது.

"நானும் பதினாலு வருசம் மருந்து கலக்குனவன்தாம்மா. விட்டு ஒம்பது வருசம் ஆச்சு."

"ஒம்பது வருசம் ஆயிருச்சுன்னா ஒங்க ரத்தம் இதுக்கு ஆகாதே அண்ணாச்சி."

அவருக்குக் காதில் விழவில்லை. எடை மேசை முன் உட்கார்ந்து, சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து வெந்து சுருங்கிய தோல். கையை அவள் பக்கம் நீட்டி வைத்து, மற்றக் கையின் இரண்டு விரலால், நரம்பு எழும்பட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தார்.