கீழ் எண்ணில் பதிந்த பாடம்

அக்காவின் இறப்பைப் பதியும் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'அலுவலக எழுத்தர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பொய்யில்லை. ஆனால் அக்கா முப்பத்தோரு வருடம் பார்த்த வேலைக்கு அந்தக் கட்டம் போதாது.

பல்கலைக்கழகத்தில் சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் துறையின் முதுநிலைப் பிரிவில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் பின்னால் அக்கா இருந்தாள். யாருக்குப் பட்டம், யாருக்கு இன்னும் பாக்கி என்று கடைசியாகச் சரிபார்க்கிறவள் அவள்தான். பட்டத்துக்கு முப்பது கிரெடிட், அதாவது பாடப் புள்ளிகள், வேண்டும். அதில் ஆறு ஆய்வேட்டுக்கு. மற்றதெல்லாம் முதுநிலைப் பாடங்களாக இருக்க வேண்டும். எடுத்து ஆறு வருடம் தாண்டிய பாடம் செல்லாது. "பால் பாக்கெட் மாதிரிதான். தேதி போனா கொட்டிட வேண்டியதுதான்" என்பாள்.

ஜன்னலுக்கு யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது "முப்பது வந்தாச்சா?" என்பதுதான். அதனால் மாணவர்களுக்கு அவள் முப்பதக்கா. அவள் பள்ளிப்படிப்போடு நின்றவள். இருந்தும் ஒரு தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் ஒரு மாணவன் இருபத்தேழோடு வந்து நின்று முப்பது என்று சாதித்தானாம். "தம்பி, நீ பாலம் கட்டினா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் சுத்திப் போயிக்கறேன்" என்று அனுப்பியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் ஒரு தவறு செய்தாள். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நகரத்தின் கழிவுநீரேற்று நிலையம் ஒன்றைப் பார்த்துக்கொண்ட பெண் பொறியாளர் ஒருவர் பகுதிநேரமாகப் படித்துவந்தார். இரண்டு பிள்ளைகள். வேலை முடிந்து நேரே வகுப்புக்கு வருவார். பட்டம் இருந்தால்தான் அவரால் சுத்திகரிப்பு ஆலையின் வடிவமைப்புப் பிரிவுக்குப் போக முடியும். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மண் மாசு பற்றிய பாடம் அங்கே இரண்டு எண்களில் நடக்கும். ஒரே அறை, ஒரே பேராசிரியர். கீழ் எண் இளநிலைக்கு, மேல் எண் முதுநிலைக்கு. மேல் எண்காரர்கள் கூடுதலாக ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தப் பருவத்தில் மேல் எண்ணில் இடம் நிரம்பிவிட்டது. "இப்போதைக்குக் கீழ் எண்ல பதிஞ்சிடும்மா. ரெண்டு வாரத்துல இடம் கூட்டுவாங்க, நான் மாத்திடறேன்" என்றாள் அக்கா. பலருக்கும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பாள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் எங்கள் அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஒன்பது நாள் அக்கா மருத்துவமனையிலேயே இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் மேசைக்குப் புதுக் கணினி வந்திருந்தது. பழைய திரையோடு சீட்டும் போய்விட்டது. எண்ணை மாற்ற வேண்டியதை அவள் மறந்தாள்; மாற்றியிருப்பாள் என்று நம்பிப் பொறியாளரும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பட்டப் பட்டியல் அனுப்பும் வாரத்தில், அந்தப் பொறியாளரின் தாளை மேலிருந்து கீழே பார்த்தவள் நடுவில் நின்றுவிட்டாள். கீழ் எண். அந்த மூன்று கிரெடிட் கணக்கில் வராது. அடுத்த பருவத்தில் இன்னொரு பாடம் எடுக்கலாம் என்றால், அதற்குள் முதல் வருடப் பாடங்கள் இரண்டு காலாவதியாகிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆறு வருட உழைப்பு ஓட்டைப் பானையில் விட்ட தண்ணீர்தான்.

பழைய பதிவைத் திருத்தத் துறைத்தலைவரின் கடவுச்சொல் வேண்டும். அது அக்காவிடம் இருந்தது. அவரே கொடுத்து வைத்திருந்தார். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

அவள் மாற்றவில்லை. பொறியாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, யாருக்குத் தெரியப் போகுது? மாத்திடுங்க, ப்ளீஸ்."

"அந்த அறிக்கைய எழுதினியா நீ?"

"எழுதினேனே. எங்க பம்ப் ஹவுஸப் பத்தியே எழுதினேன். சார் மார்க்கும் போட்டாரு."

"அப்ப வேலையெல்லாம் நீ சரியாத்தான் செஞ்சிருக்க. தப்பு என்னோடது. முதுநிலைக் குழுவுக்கு மனு குடுத்துத் திருத்திக்கலாம்."

"குழு முடியாதுன்னா?"

அக்கா அவருடைய தாளை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"உங்க நேர்மைக்கு என் பட்டத்தப் பலி குடுக்கப் போறீங்களா? நீங்க பண்ணின தப்புக்கு நான் ஏங்க்கா சாகணும்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து எங்களிடம் அதை அப்படியே ஒப்பித்தாள். "மாத்திட வேண்டியதுதானே?" என்று நானும்தான் கேட்டேன்.

"மழைத்தண்ணிக் குழாயில ஒரே ஒரு வீட்டுக்காரன் சாக்கடைய இணைச்சா என்னடா ஆகும்? ஆத்துல போய்த்தான் தெரியும். நாளைக்கு யாராவது தோண்டினா, மாத்தினது நான்னு தெரியாது. அவ திருட்டுப் பட்டம் வாங்கினவன்னுதான் தெரியும்."

மறுநாள் பேராசிரியரின் அலமாரியைக் குடைந்து, சிவப்பு மையில் மதிப்பெண் போட்ட அந்த அறிக்கையைத் தேடி எடுத்தாள். மனு எழுதினாள். அதன் முதல் வரி: 'இது என் தவறு.' துறைத்தலைவர் படித்துவிட்டு நெளிந்தார்.

"இவ்வளவு பச்சையா வேண்டாம்மா. நிர்வாகத் தவறுன்னு போடுங்க, போதும்."

"நிர்வாகம்னா யாரு சார்? இந்த நாற்காலியா?"

வியாழக்கிழமை ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. எழுத்தர்கள் அந்த அறைக்குள் போவது வழக்கமில்லை. அக்காவைக் கூப்பிட்டார்கள். கறார்ப் பேர்வழி என்று பெயரெடுத்த ஒரு பேராசிரியர் கேட்டார்: "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? நீங்கதானே அதைத் தினமும் எல்லாருக்கும் சொல்றீங்க?"

"ஆமா சார். விதிய வளைக்கச் சொல்லல. முதுநிலைக்கு என்ன வேலை கேட்டீங்களோ அத அந்தப் பொண்ணு செஞ்சிருக்கு. நான் எண்ண மாத்தாம விட்டுட்டேன். எனக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. அத அந்தப் பொண்ணு கணக்குல எழுதாதீங்க."

அவர்கள் அறிக்கையை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அக்காவை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. அறிக்கையைப் படித்த பிறகு அந்தக் கறார் பேராசிரியரும் சாதகமாகக் கை தூக்கியிருந்தார்.

உடனே நீரேற்று நிலையத்துக்குத் தொலைபேசினாள். "ஆயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பக்கம் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே, "அக்கா, அன்னைக்குக் கண்டபடி பேசிட்டேன்" என்று குரல் வந்தது. "பேசாம இருந்திருந்தாத்தான் நான் கவலப்பட்டிருப்பேன். போய் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்கும் தீர்ப்பு வந்தது. இனி அவள் சரிபார்க்கும் ஒவ்வொரு தாளிலும் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். அந்த இன்னொருவர், அவளிடமே வேலை பழகிய ஒரு பெண். ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் அக்கா, பட்டப் பருவம் வரும்போதெல்லாம் கட்டுக் கட்டாகத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்குப் போய் நின்றாள். அந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சம். "அக்கா, நீங்க பாத்ததுக்கு மேல நான் என்னத்தப் பாக்க?" என்று பேனாவை எடுப்பாளாம். அக்கா விடமாட்டாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் கையால் மூடி, "பாத்துட்டுப் போடு. நான் அவசரப்படுத்தல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பெண் முதல் வரியிலிருந்து கிரெடிட்களைக் கூட்ட ஆரம்பிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.